மருந்தும் மாலைப்பொழுதும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. வேதியியல் மாணவி)

மருந்து என்றதும் மாத்திரையும் ஊசியுமே நம் நினைவுக்கு வரும். வள்ளுவரோ, 'மருந்து' என்னும் 95-ஆம் அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறார். நோயுற்றவர், தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிலிருந்து அதைக் கொடுப்பவர் என்பன அந்த நான்கு. பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த அக்குறளின் பொருள் எனக்கு விளங்கியது என் தம்பியால்தான்.

எங்கள் ஊர் பிள்ளைப்பாக்கம். ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் ஏரியும் வயலுமாக இருந்த ஊர், இன்று சிப்காட் தொழிற்பூங்காவாகத் திகழ்கிறது. இங்கே பொழுதை அளப்பது சூரியன் அல்ல, ஷிப்டுதான். என் அம்மா ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். ஒரு வாரம் காலை 6 மணி முதல் 2 மணி வரை. மறுவாரம் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை. அப்பா லாரியில் சரக்கு ஏற்றும் ஒப்பந்தத் தொழிலாளி. காலை எட்டரைக்குக் கிளம்பினால் இருட்டிய பிறகே வீடு திரும்புவார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகையால் மருந்துச் சீட்டின் ஆங்கிலத்தைப் படித்துச் சொல்வதும் என் பொறுப்பு.

தம்பி மூன்றாம் வகுப்பு படிக்கிறான். ஓரிடத்தில் உட்காரமாட்டான். கேள்வி முடியுமுன் பதில் சொல்வான். பதில் முடியுமுன் எழுந்து ஓடுவான். "நாலு அடி போட்டா சரியாயிடும்" என்றனர் அக்கம்பக்கத்தார். சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் பலமுறை பார்த்து, வகுப்பு ஆசிரியையின் கருத்தையும் எழுதி வாங்கிய பிறகே மருத்துவர் அதன் பெயரைச் சொன்னார். ஏ.டி.எச்.டி., அதாவது கவனக் குறைவும் மிகை இயக்கமும் சேர்ந்த குறைபாடு. அது வளர்ப்பின் பிழையன்று. மூளை வளர்ச்சியில் உள்ள ஒரு வேறுபாடு.

அவனுக்கு எழுதித் தந்த மருந்து மெத்தில்பெனிடேட். 1944-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில், சீபா நிறுவனத்தின் வேதியியலாளர் லியாந்திரோ பனிசோன் இதனை உருவாக்கினார். தம் மனைவி ரீட்டாவின் பெயரால் 'ரிட்டலின்' என்றும் பெயரிட்டார். கிளர்ச்சியூட்டும் மருந்து துறுதுறுப்பான பிள்ளையை எப்படி அமைதிப்படுத்தும் என்ற வியப்பு எனக்கும் எழுந்தது. மூளையில் டோபமின் என்னும் பொருள் விரைந்து உறிஞ்சப்பட்டு விடாமல் இது தடுக்கிறது. அதனால் கவனத்தை ஒன்றில் நிறுத்தும் ஆற்றல் கூடுகிறது. நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்திற்கு உட்பட்டது இம்மருந்து. எல்லாக் கடையிலும் கிடைக்காது. மருத்துவர் சீட்டின்றித் தரவும் மாட்டார்கள்.

நாம் வகுப்பில் 'அரைவாழ் காலம்' படிக்கிறோம் அல்லவா? உடலில் இம்மருந்தின் அரைவாழ் காலம் ஏறத்தாழ 2 முதல் 3 மணி நேரமே. ஆகவே சாதாரண மாத்திரையின் பலன் நான்கு மணி நேரம் நிற்கும். தம்பி உட்கொள்வது நீடித்த வகை. கேப்சூலுக்குள் இருக்கும் மணிகளில் பாதி உடனே கரையும். மறுபாதி நான்கு மணி நேரம் கழித்துக் கரையும். ஆக, எட்டு மணி நேரக் கணக்கு. அதுவும் ஒரு ஷிப்டுதான்!

இந்தக் கணக்குதான் ஒரு புதிரை அவிழ்த்தது. "ஒரு வாரம் ஒழுங்கா இருக்கான், மறுவாரம் மத்தியானத்துக்கு மேல வகுப்பையே கலைச்சிடுறான்" என்று ஆசிரியை வியந்தார். நான் ஒரு நோட்டில் மாத்திரை கொடுத்த நேரத்தையும் அவன் நடத்தையையும் மூன்று வாரம் குறித்து வந்தேன். காலை ஷிப்டு வாரங்களில் அம்மா கம்பெனிப் பேருந்தைப் பிடிக்க ஓடுமுன், விடியற்காலை 5 மணிக்கே அவனை எழுப்பி மருந்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். பகல் 1 மணிக்கே அது ஓய்ந்துவிட்டது. குறை பிள்ளையிடம் இல்லை, கடிகாரத்தில் இருந்தது. நோட்டைப் பார்த்த மருத்துவர், நாள் தவறாமல் எட்டு மணிக்கே கொடுக்கச் சொன்னார். இப்போது இட்லி சாப்பிட்டபின் அப்பா கொடுக்கிறார். கொடுத்ததும் காலண்டர்த் தாளில் ஒரு கோடு போடுவார். எழுத வராத கை போடும் அந்தக் கோட்டினால் மருந்து தவறுவதுமில்லை, இருமுறை போவதுமில்லை.

ஆயினும் மாலை 4 மணி வரத்தானே செய்யும்? மருந்து இறங்கும் வேளையில் சில பிள்ளைகளுக்குச் சிடுசிடுப்பும் அழுகையும் வழக்கத்தைவிட மிகும். சென்ற ஆண்டு அப்படி ஒரு மாலையில், செருப்பும் இல்லாமல் கண்டெய்னர் லாரிகள் விரையும் சாலைக்கு ஓடிவிட்டான். தேநீர்க் கடைக்காரர் ஒருவர் பிடித்து நிறுத்தினார். அன்றிரவு அம்மா, "வேலையை உட்டுடறேன்" என்றாள். அவள் சம்பளம் நின்றால் வீட்டு வாடகையும் நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் வாய் திறக்கவில்லை.

"சாயந்திரத்துக்கும் ஒண்ணு குடுத்தா என்னங்க டாக்டர்?" என்று அம்மா கேட்டாள். சில பிள்ளைகளுக்குப் பிற்பகலில் சிறு அளவு கொடுப்பதுண்டு என்றும், இவனுக்கு எடை குறைவாக இருப்பதாலும் இரவுத் தூக்கம் கெடும் என்பதாலும் இப்போது வேண்டாம் என்றும் மருத்துவர் விளக்கினார். அப்படியானால் மாலையைக் காப்பது யார்? நான் காலை ஷிப்டுக் கல்லூரி மாணவி. மூன்று மணிக்கு வீட்டில் இருப்பேன். நான்காம் கூறு என் பங்குக்கு வந்தது.

முதல் மருந்து சோறு. மாத்திரை பசியை மட்டுப்படுத்துவதால் பள்ளிச் சத்துணவைப் பாதிதான் உண்பான். மாலையில் பசி மொத்தமாகத் திரும்பும். பசியும் எரிச்சலும் ஒன்றுகூடுமுன் தயிர்ச்சோறும் முட்டையும் தயாராக இருக்கும். அதன்பின் முக்கால் மணி நேரம் ஓட்டமும் மிதிவண்டியும். அதுவரை 'பாடம்' என்ற சொல்லே எழாது. ஆறு மணிக்குமேல் பத்துப் பத்து நிமிடமாக வீட்டுப்பாடம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலைதான் சொல்வேன். கடினமான கணக்குகள், மருந்து வேலை செய்யும் ஞாயிறு முற்பகலுக்குப் போகும். வாசற்கதவின் தாழ்ப்பாளை அப்பா உயரத்தில் மாற்றிவிட்டார். இரண்டாம் ஷிப்டு வாரங்களில், இடைவேளையில் அம்மா தொலைபேசியில் கேட்கும் முதல் கேள்வி, "சாப்டானா?" என்பதுதான்.

இதனால் தம்பி மாறிவிட்டானா என்று கேட்டால், இல்லை. இன்றும் சில மாலைகளில் புத்தகப் பை பறக்கிறது. ஆனால் அம்மா வேலையை விடவில்லை. தம்பியும் அதன்பின் சாலைக்கு ஓடவில்லை. எங்களுக்கு அதுவே பெரிது.

நண்பர்களே! நம்மில் பலர் நாளை ஆசிரியர்களாகப் போகிறவர்கள். மருந்தின் அளவை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். அதில் நாம் தலையிடலாகாது. ஆனால் ஒரு பிள்ளையை 'அடங்காதவன்' என்று முத்திரை குத்துமுன், அவன் எத்தனை மணிக்கு மருந்து உட்கொண்டான், எத்தனை மணிக்குச் சாப்பிட்டான், மாலையில் அவனோடு வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டறிவது நம் கையில் இருக்கிறது.