சுமையோடு அளந்து பார்



போன வாரம் நான் போட்ட கிராண்ட் கேன்யன் படங்களைப் பார்த்துவிட்டு, "கொடுத்து வைத்தவர் சார் நீங்க" என்று நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். அந்தப் படத்தில் எங்களுக்குப் பின்னால் ஒரு வெள்ளை வண்டி நிற்கிறது. அதற்குள் நான் பட்ட அவமானத்தைப் படத்தில் போட முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வண்டியை இங்கே ஆர்.வி. என்கிறார்கள். கட்டில், அடுப்பு, கழிவறை, குளிக்கும் இடம் எல்லாம் உள்ளேயே இருக்கும். மாப்பிள்ளை செகண்ட் ஹேண்டில் வாங்கியது. நம் வீடுகளில் தண்ணீர்த் தொட்டி மொட்டை மாடியில் இருக்கும். குழாயைத் திறந்தால் புவியீர்ப்பே வேலையைப் பார்த்துக்கொள்ளும். இந்த வண்டியில் தொட்டி கீழே, குழாய் மேலே. அதனால் கட்டிலுக்கு அடியில் 12 வோல்ட் பம்ப் ஒன்று உட்கார்ந்திருக்கிறது, செங்கல் அளவுதான். உள்ளே ஒரு ரப்பர்த் தகடு முன்னும் பின்னும் அசைந்து தண்ணீரைத் தள்ளும். குழாயைத் திறந்தால் அழுத்தம் குறையும், தானாக ஓடும். மூடினால் அழுத்தம் ஏறும், தானாக நிற்கும். சின்னஞ்சிறு பொருளுக்கு நல்ல புத்தி.

எங்கள் பம்புக்கு மட்டும் அந்தப் புத்தி இருந்தாற்போல் இருக்கும், இல்லாதாற்போல் இருக்கும். காலையில் ஜோராக ஓடும். மத்தியானம் முனகிக்கொண்டு நூல் போலத் தண்ணீர் விடும். சில சமயம் அதுவும் இல்லை. பக்கத்தில் ஒரு தட்டு தட்டினால் ஓடும். வண்டி குழியில் இறங்கி ஏறினாலும் ஓடும்.

"பம்ப் போச்சு, மாத்திட வேண்டியதுதான்" என்று தீர்ப்புச் சொன்னவன் நான்தான்.

"ஒரு மெக்கானிக்கிட்ட காட்டிடலாமே மாமா" என்றார் மாப்பிள்ளை.

"31 வருஷம் இயற்பியல் நடத்தினவன் மாப்பிள்ளை நான். இதுக்குப் போய் மெக்கானிக்கா?"

பேச்சுக்கு மல்டிமீட்டரை எடுத்து, பம்புக்கு வரும் இரண்டு வயர்களிலும் வைத்துப் பார்த்தேன். 12.6 வோல்ட். "பாருங்க, கரண்ட் ஒழுங்கா வருது. குற்றம் பம்புலதான்" என்று நிரூபித்தும் காட்டினேன். புதுப் பம்ப் வந்தது. 90 டாலர். ரூபாயில் கணக்குப் போட வேண்டாம் என்று மகள் சொல்லிவிட்டாள்.

மாற்றுவது கடினமே இல்லை. ஃபியூஸை எடுத்துவிட்டு, தொட்டியைக் காலி செய்து, இரண்டு பக்கக் குழாய்களையும் கழற்றினோம். நான்கு திருகு, இரண்டு வயர். தண்ணீர் உள்ளே வரும் பக்கம் ஒரு சின்னச் சல்லடை உண்டு. பழையதில் பிளாஸ்டிக் சீவல் அடைத்திருந்தது, அதையும் புதிதாகப் போட்டோம். குழாய் மூட்டுகளைக் கையால் இறுக்கினாலே போதும். ஸ்பானர் போட்டால் பிளாஸ்டிக் விரிசல் விடும். வயர் முனைகளைப் புதிதாகச் சீவிச் சேர்த்தேன். இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. குழாயைத் திறந்தால் ஆர்ப்பாட்டமாகத் தண்ணீர். மாப்பிள்ளை முன்னால் நான் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தேன்.

பீனிக்ஸிலிருந்து கேன்யனின் தெற்கு விளிம்பு ஏறக்குறைய 370 கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரம். நாங்கள் தங்கிய மேதர் முகாமில், வண்டிக்கு நேரடியாகத் தண்ணீர்க் குழாயோ மின்சாரமோ இணைக்க வசதி கிடையாது. தொட்டியையும் பாட்டரியையும் நம்பித்தான் இருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் காலை. வெளியே நல்ல குளிர். என் மனைவி தலைக்கு ஷாம்பு போட்டு நுரைக்க நுரைக்கத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பம்ப் முனகியது. நின்றது. "என்னங்க!" என்று உள்ளிருந்து வந்த குரல் பக்கத்து வண்டிக்காரரையும் வெளியே வரவைத்தது.

மாப்பிள்ளை முகாமின் பொதுக் குழாயில் தண்ணீர் பிடித்து வந்து, அடுப்பில் சுடவைத்து, மகள் அம்மாவின் தலையை அலசிவிட்டாள். மாப்பிள்ளை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

நான் மறுபடியும் கட்டிலைத் தூக்கி, மீட்டரை வைத்தேன். 12.6. "கரண்ட் சரியாத்தான் இருக்கு. புதுப் பம்பும் மட்டம் போல" என்றேன். தலையில் துண்டு சுற்றிக்கொண்டு பின்னால் நின்றவள் சொன்னாள்:

"அது சும்மா கிடக்கறப்ப பார்த்தா எல்லாம் சரியாத்தாங்க இருக்கும். எனக்கு ஈசிஜி நல்லா இருக்குன்னு சொல்லலையா? டிரெட்மில்லுல நடக்க விட்டப்பதானே தெரிஞ்சுது?"

எனக்குச் சுருக்கென்றது. அவள் எட்டாம் வகுப்போடு நின்றவள். சுமை இல்லாதபோது இருக்கும் மின்னழுத்தம் வேறு, மின்னோட்டம் பாயும்போது இருப்பது வேறு என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான். அதை எழுதாத பையனுக்கு மதிப்பெண்ணைக் குறைத்தவனும் நான்தான்.

குழாயைத் திறக்கச் சொல்லி, பம்ப் முனகும்போது அளந்தேன். பாட்டரியில் 12.2 இருந்தது. பம்பில் 7.2. நடுவில் 5 வோல்ட்டைக் காணோம்! பாட்டரியின் பாசிட்டிவிலிருந்து பம்பின் பாசிட்டிவ் வரை 0.2 வோல்ட்தான் இழப்பு. நெகட்டிவ் பக்கம் 4.8. அந்த வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். கட்டிலுக்கு அடியில், வண்டியின் இரும்புச் சட்டத்தில் எர்த்துக்காக ஒரு திருகில் முடுக்கியிருந்தார்கள். திருகைச் சுற்றிலும் துரு. தொட்டேன், சுட்டது. பம்புக்குப் போக வேண்டிய சக்தி அங்கே சூடாகிப் போய்க்கொண்டிருந்தது. தட்டினால், குலுங்கினால் அந்த இடம் கொஞ்சம் ஒட்டும், பம்ப் ஓடும். புதுப் பம்ப் போட்ட அன்று ஓடியதும் வயரை நாங்கள் அசைத்ததால்தான்.

திருகைக் கழற்றி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, முடுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினேன். பத்து நிமிடம். செலவு ஒன்றுமில்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பம்பை நினைத்து அல்ல.

நிலக்கோட்டைப் பக்கம் நான் வேலை பார்த்தபோது பிளஸ் ஒன்னில் ஒரு பையன் இருந்தான். சில நாள் நான் கேள்வியை முடிக்கும் முன்னே பதில் சொல்வான். சில நாள் முதல் பாடவேளையிலேயே கண் சொருகும். கேட்டால் எழுந்து நின்று விழிப்பான். எழுப்பி நிற்கவைத்தேன், வெளியே அனுப்பினேன். அதாவது, தட்டித் தட்டிப் பார்த்தேன். கடைசியில் அவனுடைய ரேங்க் கார்டில், "திறமை உண்டு, பொறுப்பு இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பல வருடம் கழித்து அவன் கல்யாணத்துக்கு அழைத்திருந்தான். சாப்பிட்டுக் கிளம்பும்போது வாசல் வரை வந்து, சிரித்துக்கொண்டே சொன்னான்: "சார், முகூர்த்த நாள்ல நான் தூங்காம இருக்கறது இன்னிக்குத்தான்."

எனக்குப் புரியவில்லை. அவனுடைய மாமாதான் விளக்கினார். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாததால், முகூர்த்த நாட்களில் நடுராத்திரியே எழுந்து பூ மார்க்கெட்டில் மூட்டை இறக்கிவிட்டுத்தான் பள்ளிக்கு வருவானாம். எந்த நாளில் தூங்குகிறான் என்று காலண்டரை ஒரு தடவை புரட்டியிருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். நான் புரட்டவில்லை. அன்று வாசலில் நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

தம்பி, நீ இதைப் படிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். படங்களுக்கெல்லாம் தவறாமல் வாழ்த்துச் சொல்கிறாய். உன் ரேங்க் கார்டில் நான் எழுதிய அந்த வரி தப்பு. இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன். என்னை மன்னித்துவிடு.

உங்களில் பலர் இப்போது ஆசிரியர்களாக இருக்கிறீர்கள். சிலருக்குக் கீழே நூறு பேர் வேலை பார்க்கிறார்கள். ஒருவன் ஒரு நாள் நன்றாகவும் ஒரு நாள் மோசமாகவும் இருந்தால், ஆளை மாற்றுவதற்கு முன்னால் எர்த்தைத் தொட்டுப் பாருங்கள்.

வீடு திரும்பியதும் பழைய பம்பை அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, இரண்டு வயரை நேராக ஒரு பாட்டரியில் வைத்தேன். வாளித் தண்ணீரை எடுத்து வாசல் செடிக்கு விட்டது, ஒரு முனகல்கூட இல்லாமல்.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்