ரிச்சித் தெருவுக்கு ஒரு யாத்திரை

சென்னையில் புடவைக்கு ஒரு தெரு உண்டு. பாத்திரத்துக்கு ஒரு தெரு உண்டு. கம்ப்யூட்டருக்கும் ஒரு தெரு உண்டு. அதுதான் ரிச்சித் தெரு. அங்கே காலடி வைத்திருக்கும் வாசகிகள் மிகச் சிலராகத்தான் இருப்பார்கள். என் அக்காவும் சென்ற மாதம் வரையில் வைத்ததில்லை.

அவளுக்கு வந்த சங்கடம் இது. மகன் ரகு, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. வீட்டுக் கம்ப்யூட்டரில் விளையாட்டுகள் ஓடவில்லை என்று ஒரு வருஷமாக முணுமுணுத்துக்கொண்டிருந்தான். புது 'கிராபிக்ஸ் கார்டு' ஒன்று போட்டால் பறக்கும் என்றான். அக்கா வளையலுக்கென்று கட்டி வந்த சீட்டுப் பணத்திலிருந்து 26,000 ரூபாயை எடுத்துக் கொடுத்தாள். அத்தானிடம் மட்டும், "ஏதோ பத்துப் பதினோராயிரமாம்" என்று சொல்லி வைத்தாள். கார்டு வந்தது. கூடவே 8 ஜி.பி. 'ராம்' ஒன்றும் வந்தது. (ராமபிரானுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது கம்ப்யூட்டரின் ஞாபகசக்தி!) பையனே உட்கார்ந்து எல்லாவற்றையும் பொருத்தினான்.

விளையாட்டு பறந்ததா? பறந்தது, இரண்டே நிமிஷம். அப்புறம் கூவம் மாதிரி நின்றுவிட்டது.

சினிமாவில் விநாடிக்கு 24 படங்கள் நம் கண் முன்னால் ஓடுகின்றன. இந்த விளையாட்டுகளுக்கு 60 படமாவது ஓடினால்தான் சுகமாக இருக்குமாம். ரகுவின் திரையில் 60-இல் ஆரம்பித்து 15-க்கு வந்து நின்றது. பழைய கார்டே தேவலை என்றாகிவிட்டது. பையன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அத்தானோ, "அதைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கு, பில் எங்கே?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். பில்லில்தான் 26,000 என்று கொட்டை எழுத்தில் இருக்கிறதே! அக்கா எனக்குப் போன் செய்தாள்.

மறுநாள் பெட்டியைப் பழைய போர்வையில் சுற்றி, கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு, மூவரும் ஆட்டோவில் கிளம்பினோம். அண்ணா சாலையிலிருந்து காஸினோ தியேட்டர் பக்கமாகத் திரும்பினால் போதும். தெரு நம்மை இழுத்துக்கொள்ளும். பெயர்தான் ரிச்சித் தெரு. உண்மையில் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் ரோடு என்று பல தெருக்கள் சேர்ந்த ஒரு சந்தை அது. ஒரு கடை அகலம் இரண்டு கஜம் இருந்தால் அதிகம். கயிறு கயிறாகத் தொங்கும் ஒயர்கள், கூறு கட்டிய கத்தரிக்காய் போலக் குவித்த ஸ்பீக்கர்கள், கண்காணிப்புக் காமிராக்கள், கடுகு பருமனில் ஏதேதோ உதிரிகள். "என்ன சார் வேணும்? லேப்டாப்பா? சர்வீஸா?" என்று இரு பக்கமும் குரல்கள். நடுவில் தள்ளுவண்டிக்கும் ஸ்கூட்டருக்கும் வழி விட்டு நாம் நடக்க வேண்டும். அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

முதல் கடைக்காரர் பெட்டியைத் திறக்கவே இல்லை. "பிராசஸர் பழசும்மா. அதையும் போர்டையும் மாத்தணும். இருபத்திரண்டாயிரம் ஆகும்" என்றார். அக்காவின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. புது கார்டின் வேகத்துக்குப் பழைய பிராசஸர் ஈடு கொடுக்காமல் போவது உண்டுதான். ஆனால், நாடி பிடித்துப் பார்க்காமலே ஆபரேஷனுக்கு நாள் குறிக்கலாமா?

ஒரு மாடிக் கடைக்கு ஏறினோம். நரைத்த தாடியுடன் ஒரு பாய், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் கேட்ட முதல் கேள்வியே எனக்குப் பிடித்துவிட்டது.

"ஆரம்பத்திலேருந்தே மந்தமா தம்பி? இல்லே, நல்லா ஓடிட்டு அப்புறம் படுத்துக்குதா?"

"அப்புறந்தான் படுத்துக்குது, பாய்."

"திரையோட ஒயரை எதிலே சொருகறே? போர்டிலேயா, புது கார்டிலேயா?"

"கார்டிலேதான்."

"அப்போ சரி. பாதிப் பேர் அங்கேயே தப்புப் பண்றாங்க."

பெட்டியைத் தம்முடைய திரையில் மாட்டி ஓட விட்டார். பிராசஸரின் உஷ்ணம் காட்டும் எண் 60, 80, 95 என்று ஏறி, 100 டிகிரியைத் தொட்டது. உடனே அதன் வேகம், விநாடிக்கு 400 கோடித் துடிப்பிலிருந்து 100 கோடிச் சொச்சத்துக்கு விழுந்தது. சூடு மிஞ்சினால் தான் வெந்து போகாமலிருக்க அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமாம். கார்டின் பேரில் ஒரு குற்றமும் இல்லை! பிராசஸரிடமிருந்து கணக்கு வந்தால்தானே அது படம் வரையும்?

பாய் பெட்டியை அணைத்துவிட்டு, உள்ளே இருந்த விசிறியை விரலால் தொட்டார். லேசாக ஆடிற்று. நான்கு மூலையிலும் பிளாஸ்டிக் ஊசிகளால் அது போர்டில் பூட்டியிருக்க வேண்டும். ஒரு ஊசி பூட்டிக்கொள்ளவே இல்லை.

"இதைக் கழட்டினியா தம்பி?"

ரகு அம்மாவைப் பார்த்தான். "அம்மாதான்… திறந்ததே திறந்தே, அந்தத் தூசியையும் துடைச்சுடுன்னாங்க."

அக்கா கூரையைப் பார்த்தாள்.

பாய் சிரிக்கவில்லை. காய்ந்து போன பழைய பசையைத் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதுப் பசை வைத்து, எதிரெதிர் மூலையாக ஊசிகளை 'டக்' என்று சத்தம் வரும் வரையில் அழுத்தினார். பக்கத்தில் பக்கத்தில் செருகியிருந்த இரண்டு ராம்களையும் எடுத்து, இரண்டாவது, நான்காவது இடங்களில் மாற்றி வைத்தார். அப்போதுதான் இரண்டும் இரு பாதைகளில் ஒரே சமயத்தில் வேலை செய்யுமாம். மறுபடி ஓட விட்டார். பத்து நிமிஷம் ஆயிற்று. கால் மணி ஆயிற்று. உஷ்ணம் 70 டிகிரிக்கு மேல் ஏறவில்லை. திரையில் 60 படங்கள் குறையவே இல்லை. ரகு வாயைத் திறந்தவன் மூடவில்லை.

கூலி 300 ரூபாய் கேட்டார். அக்கா பேரம் பேசாமல் எடுத்துக் கொடுத்ததை அன்றுதான் பார்த்தேன்.

சாயங்காலம் அத்தான் ஆபீஸிலிருந்து வந்ததும், "என்ன, எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டார்.

"முந்நூறு ரூபாய்" என்றாள் அக்கா, காபியை நீட்டிக்கொண்டே. பில்லைப் பற்றி அத்தான் அப்புறம் கேட்கவில்லை.