தேய்ந்த குமிழ்

சென்னையையும் சிங்கப்பூரையும் பினாங்கு வழியாகக் கடலடித் தந்தி 1871-இல் இணைத்தது. இந்தியாவே தந்திச் சேவையை 2013-இல் நிறுத்திவிட்டது. விரலால் தட்டிச் செய்தி அனுப்பிய அப்பித்தளை விசைகள் மட்டும் இன்னும் என் பின்கட்டு மேசைக்குப் பழுதுபார்க்க வந்துகொண்டிருக்கின்றன.

அண்மையில் நண்பர் ஒருவர், ஜப்பானியர் காலத்துக்கு முன் மலாயாவின் சிற்றூர் இரயில் நிலையமொன்றில் தம் தந்தையார் கையாண்ட விசையைக் கொணர்ந்தார். “பொன்போல் மின்ன வேண்டும், குமிழையும் புதிதாக மாற்றிவிடுங்கள்” என்றார்.

மெருகேற்றுவது அரைநாள் வேலை. அதில் என்ன பெருமை? விசையின் உயிர், ஒன்றையொன்று தொட்டு மின்சாரத்தைக் கடத்தும் இரு சிறு முனைகளில் இருக்கிறது. பழைய விசைகள் பலவற்றில் அவை பிளாட்டினம். அரத்தால் தேய்த்தால் அம்முனைகள் தேய்ந்துவிடும். வழவழப்பான தாளை இடையில் வைத்து இழுத்தாலே அழுக்கு நீங்கும். பின்னர்த் தாள் கனத்துக்கு இடைவெளி விட்டுத் திருகை முடுக்க வேண்டும். சுருள்வில் இறுகினால் மணிக்கட்டு நோகும். தளர்ந்தால் புள்ளியும் கோடும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

இவையனைத்தும் செய்தேன். குமிழை மட்டும் மாற்ற மறுத்தேன். அக்கருங்குமிழின் ஓரம் குழிந்திருந்தது. எத்தனை சாவுச் செய்திகள், எத்தனை மணச் செய்திகள் அவ்விடத்தை அழுத்திச் சென்றனவோ!

“ஐயா, இதில் விரலை வைத்துப் பாருங்கள்” என்றேன்.

வைத்தார். அவர் விரல் அக்குழியில் அடங்கவில்லை. “அப்பாவுக்கு மெல்லிய விரல்கள்” என்றார்.