யென்னில் மட்டும் கடன் வேண்டாம் அண்ணே

அன்புள்ள அண்ணனுக்கு,

ஃபெஞ்சல் புயல் அடித்துக்கொண்டு வந்த சேற்றை வாரி, வரப்புக் கட்டி, உப்புப் பாத்தி மிதிக்கவே கூலி கொடுக்கக் காசில்லை என்றீர்கள். "டோக்கியோவுல வட்டியே இல்லையாமே. உன் பேருல வாங்கி அனுப்பு, மரக்காணத்துல டெபாசிட் போட்டா வட்டியிலயே கூலி கொடுத்துடலாம்" என்றும் யோசனை சொன்னீர்கள்.

அண்ணே, உலகத்துப் பெரிய முதலைகள் செய்துவந்ததும் இதேதான். யென்னில் கடன் வாங்கி, டாலராக மாற்றி, வட்டியோ லாபமோ அதிகம் வரும் இடத்தில் போடுவார்கள். கேரி டிரேடு என்று பெயர். 2024 மார்ச் வரை ஜப்பான் மத்திய வங்கியின் வட்டி பூஜ்யத்துக்கும் கீழே. யென்னும் இறங்கிக்கொண்டே போனதால் இரட்டை லாபம். ஜூலைத் தொடக்கத்தில் ஒரு டாலர் 161 யென்னைத் தாண்டியிருந்தது. ஜூலை 31 அன்று வட்டியை 0.25 சதவீதமாக்கினார்கள். கால் சதவீதம்தான்! அமெரிக்க வேலைவாய்ப்புக் கணக்கும் அதே வாரம் மோசமாக வர, கடனை அடைக்க எல்லாரும் ஒரே சமயத்தில் யென் வாங்கப் பாய்ந்தார்கள். ஆகஸ்ட் 5 அன்று டாலர் 142 யென்னுக்கு வந்தது. ஜப்பான் பங்குக் குறியீடான நிக்கேய் ஒரே நாளில் 12.4 சதவீதம் சரிந்தது. நம் சென்செக்ஸ் 2,222 புள்ளி. இங்கே ஜப்பானில் பங்கு இறங்கினால் பச்சை. அன்று விலைப்பலகை முழுக்கப் பச்சை.

உங்கள் யோசனைக்குக் கணக்குப் போடுவோம். 10 லட்சம் யென் ஜூலையில் சுமார் 5.16 லட்சம் ரூபாய். 7 சதவீத டெபாசிட்டில் வருஷத்துக்கு 36,000 வரும். ஆகஸ்ட் 5-ல் அதே கடனை அடைக்க 5.9 லட்சம் வேண்டும். ஒரு மாதத்தில் 74,000 கூடிவிட்டது.

"நம்ம ரூபாய் ஆடலையே" என்பீர்கள். ரிசர்வ் வங்கி டாலரை வாங்கியும் விற்றும் ரூபாயை டாலருக்கு 83-ஐ ஒட்டியே பிடித்து வைத்திருந்தது. 2023 டிசம்பரில் பன்னாட்டு நிதியமே இதைச் சொன்னது. ரிசர்வ் வங்கி மறுத்தது. எனக்கு நிதியத்தின் பேச்சே சரியாகப் படுகிறது. ஆடாத ரூபாயை நம்பி, டாலரில் கடன் வாங்கிய கம்பெனிகள் பல முன்காப்புச் செலவை மிச்சம் பிடித்தன. 2025 பிப்ரவரியில் ரூபாய் 87-ஐத் தாண்டிவிட்டது. வானம் வெளுத்திருக்கும்போதே உப்புக் குவியலைக் கீற்றால் மூடுகிறவர் நீங்கள். அவர்கள் கீற்றுக் காசை மிச்சம் பிடித்தவர்கள்.

கூலிக்கு என் சம்பளத்திலிருந்து இந்த வாரமே அனுப்புகிறேன். யென் கடனை மட்டும் கேட்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி