நூறுக்கு இன்னும் எவ்வளவு தூரம்?

சம்பா அறுவடை முடிந்து நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் வரிசையில் நிற்கிற எங்கள் நன்னிலம் பக்கத்து விவசாயி, கருவியில் ஈரப்பதம் எவ்வளவு என்று கேட்பதில்லை. "பதினேழுக்கு மேல எவ்வளவு ஏறியிருக்கு?" என்றுதான் கேட்பார். 17 சதவீதம் என்பது எல்லை. அதற்குள் இருந்தால் மூட்டை தைக்கலாம். தாண்டினால் சாக்கை விரித்து மறுபடி காயப்போட வேண்டும். மழை அடித்த வருஷங்களில் மத்திய அரசு எல்லையைக் கொஞ்சம் தளர்த்தும். நேற்று திருப்பி அனுப்பிய நெல்லே இன்று லாரி ஏறும். நெல் மாறியிருக்காது, எல்லைதான் மாறியிருக்கும்.

எழுதப் படிக்கத் தடுமாறுகிறவருக்குக்கூட இந்தக் கணக்கு அத்துப்படி. அவர் வீட்டுப் பிள்ளைகளோ கம்ப்யூட்டர் திரையில் 61 டிகிரி என்று பார்த்துவிட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். என் பேரனும் அப்படித்தான். "தாத்தா, அறுபத்தொண்ணு காட்டுது, வெடிச்சிடுமா?" என்றான். எதற்கு அறுபத்தொன்று, எங்கே அளந்த அறுபத்தொன்று, எல்லை எவ்வளவு என்று கேட்டேன். மூன்றுக்கும் பதில் இல்லை.

அவனுடைய பெட்டி சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. உள்ளே இருப்பது இன்டெல் கோர் 2 டுயோ இ8400. 2008 ஜனவரியில் வந்த சிப்பு, அந்தக் காலத்தில் ஓவர்கிளாக் பிரியர்களின், அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் சிப்பை முடுக்குகிறவர்களின், செல்லப்பிள்ளை. 333 மெகாஹெர்ட்ஸை 9 மடங்காக்கி 3 கிகாஹெர்ட்ஸில் ஓடும்படி கம்பெனி விற்றது. கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய் 333-ஐ 400 ஆக்கினால் 3.6 ஆகிவிடும். பேரன் அதைத்தான் செய்திருந்தான். இது ஒன்றும் புதுப் பழக்கம் இல்லை. 1998-ல் செலரான் 300ஏ என்ற மலிவு சிப்பை 66-லிருந்து 100-க்குத் தள்ளி, 300 மெகாஹெர்ட்ஸ் விலைக்கு 450 ஓட்டிய தலைமுறை ஒன்று இருந்தது. ஆசை பழையதுதான். சூடும் பழையதுதான்.

இப்போது அந்த 61-க்கு வருவோம். இந்த சிப்புக்குள் இருக்கும் உணரி, டிகிரியை நேரடியாகச் சொல்வதே இல்லை. 'எல்லையைத் தொட இன்னும் இத்தனை டிகிரி பாக்கி' என்று மட்டும்தான் சொல்லும். இன்டெல் பாஷையில் அந்த எல்லைக்கு டிஜே மேக்ஸ் என்று பெயர். இ8400-க்கு அது 100. உணரி '39 பாக்கி' என்கிறது. கோர் டெம்ப், ரியல் டெம்ப் மாதிரியான மென்பொருள்கள் 100-லிருந்து 39-ஐக் கழித்து 61 என்று திரையில் போடுகின்றன. அந்த 100 என்ற எண்ணை இன்டெல் வெளியே சொன்னதே 2008-ன் பிற்பாதியில்தான். அதுவரை சில மென்பொருள்கள் 95 என்றும் சில 105 என்றும் தாமாகவே வைத்துக்கொண்டு கழித்தன. ஒரே சிப்பு, ஒரே நேரம், திரையில் மட்டும் பத்து டிகிரி வித்தியாசம். எது சரி என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். பாக்கி எவ்வளவு என்று பார்த்திருந்தால் சண்டைக்கே இடமில்லை.

இன்னொரு சங்கதி. எல்லைக்கு அருகில் சரியாகச் சொல்வதற்காக வைத்த உணரி அது. சும்மா இருக்கும்போது அது காட்டுவதை நம்ப முடியாது. இந்த 45 நானோமீட்டர் தலைமுறையில் சில உணரிகள் ஒரு எண்ணுக்குக் கீழே இறங்காமல் அப்படியே ஒட்டிக்கொள்ளும். சிப்புக்குள் இருக்கும் இரண்டு கோர்களில் ஒன்று 38, மற்றது 45-லேயே நிற்கிறது என்றால் பதறவேண்டியதில்லை. இரண்டுக்கும் வேலை கொடுத்து, இரண்டும் சேர்ந்து ஏறுகின்றனவா என்று பாருங்கள். ஏறினால் அதற்கப்புறம் சொல்வது நம்பத்தக்கது.

இன்டெல் தாளில் இதே சிப்புக்கு 72.4 டிகிரி என்றும் ஓர் எண் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு கோர் 75 காட்டுகிறதே என்று அலறுகிறவர்கள் உண்டு. 72.4 என்பது சிப்பின் மேல் மூடியிருக்கும் உலோகத் தகட்டின் நடுவில், வெளியே அளக்கவேண்டியது. கோர் சூடு உள்ளே அளப்பது. அளந்த இடம் வேறானால் எல்லையும் வேறு. மதர்போர்டு உணரிகளின் பட்டியலில் எங்காவது ஒரு மூலையில் 127 டிகிரி என்று ஒன்று எரிந்துகொண்டிருக்கும். உண்மையிலேயே 127 என்றால் தொட்டுப் பார்த்த கை பொத்துப்போயிருக்கும். உணரி எதுவும் இணைக்காமல் விட்ட வெற்று முனை அது. விட்டுத் தள்ளுங்கள்.

அப்புறம் அறைச் சூடு. காற்றடித்துக் குளிர்விக்கும் எந்தக் கூலரும் சிப்பை அறையின் சூட்டுக்குக் கீழே கொண்டுபோகாது. அறைக்கு மேல் எத்தனை டிகிரி என்பதுதான் கூலரின் யோக்கியதை. ஐரோப்பாவில் 22 டிகிரி அறையில் உட்கார்ந்து ஒருவன் 58 என்று எழுதுகிறான். சித்திரை வெயிலில், 36 டிகிரி அறையில் நமக்கு 72 காட்டுகிறது. இரண்டும் ஒன்றுதான், இரண்டுமே அறைக்கு மேல் 36. மேசைமேல் ஒரு சாதாரண வெப்பமானி வைத்துக்கொள்ளாமல் கம்ப்யூட்டர் சூட்டைப் பற்றி யாரும் பேசவே கூடாது என்பது என் கட்சி. மார்கழியில் ஒரு தடவை, சித்திரையில் ஒரு தடவை முழு வேலை கொடுத்துப் பார்த்து நோட்டில் எழுதிவைத்தால், அடுத்த வருஷம் உங்கள் பெட்டியை உங்கள் பெட்டியோடே ஒப்பிடலாம். அண்டை வீட்டுக்காரன் எண் எதற்கு?

வேகத்துக்கு என்ன விலை என்பதைப் பிள்ளைகள் யோசிப்பதில்லை. வேகத்தை மட்டும் கூட்டினால் சூடு அதே விகிதத்தில் கூடும். ஆனால் வேகம் கூடினால் சிப்பு தடுமாறும். நிலைக்கவைக்க மின்னழுத்தத்தையும் கூட்டவேண்டும். மின்னழுத்தத்துக்கு வர்க்கக் கணக்கு. 3-லிருந்து 3.6 என்பது ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகம். அதற்காக 1.2 வோல்டை 1.35 ஆக்கினால் சூடு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஐந்தில் ஒரு பங்கு வரவுக்குப் பாதிப் பங்கு செலவு. எந்த வியாபாரி இதற்குச் சம்மதிப்பான்?

வெடிக்குமா என்று கேட்டானே, வெடிக்காது. 2001-ல் டாம்ஸ் ஹார்டுவேர்காரர்கள் ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர்களில் கூலரையே கழற்றிப் படம்பிடித்தார்கள். ஏஎம்டி அத்லான் கண்ணெதிரே புகைந்து செத்தது. பென்டியம் 3 அப்படியே உறைந்து நின்றது. பென்டியம் 4 வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. நம் இ8400 இந்தக் கடைசி வழியில் வந்தது. எல்லையைத் தொட்டால் தானே மெதுவாகும், அதையும் மீறினால் அணைந்துவிடும். சிப்புக்கு இருக்கும் இந்தப் புத்தி அதைச் சுற்றியிருக்கும் சாமான்களுக்குக் கிடையாது. மின்சாரம் பங்கிடும் இடத்தில் நிற்கும் கன்டென்சர்களுக்குப் பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. பழைய போர்டில் அவற்றின் தலை உப்பியிருந்தால் ஓவர்கிளாக் பேச்சையே அன்றோடு விட்டுவிட வேண்டும்.

பேரனின் பெட்டியைத் திறந்தோம். கூலர் இடுக்கு முழுக்க ஒரே சாம்பல் படலம். அறுவடை மெஷின் தெருவைத் தாண்டிப் போகும்போதும், ரோட்டில் நெல் காயும்போதும் கிளம்புகிற சுணையும் கருக்காயும், வீட்டு ஒட்டடையோடு சேர்ந்து துணிபோல் படிந்திருந்தது. ஃபேன் சுற்றுகிறது, காற்றுதான் உள்ளே போகவில்லை. வொய்ரைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் இறக்கை சுற்றாதபடி ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, பெயின்ட் பிரஷ்ஷால் அவன் மெல்லத் தட்டினான். அதன் பிறகு பார்த்தால், கூலரின் நாலு பிளாஸ்டிக் கால்களில் ஒன்று போர்டுக்குள் முழுக்க இறங்காமல் தூக்கிக்கொண்டு நிற்கிறது. இன்டெல் கூலரில் இது சகஜம். அம்புக்குறி காட்டும் பக்கம் திருப்பினால் கழலும். மாட்டும்போது எதிரெதிர் மூலையாக, 'டக்' என்று சத்தம் கேட்கும்வரை அழுத்த வேண்டும். போர்டின் பின்பக்கம் நாலு முனையும் வெளியே வந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்தால்தான் முடிந்தது வேலை. காய்ந்து பொருக்கு தட்டியிருந்த பழைய தெர்மல் பேஸ்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, ஒரு அரிசி அளவு புதுப் பேஸ்ட் வைத்தான். இரண்டு உலோகத்துக்கு நடுவிலுள்ள காற்றுப் பொத்தலை அடைக்கத்தான் பேஸ்ட். அப்பிப் பூசினால் அதுவே தடை.

சூடு இறங்கியது. உடனே அவன் முகத்தில் வெற்றி. பொறு தம்பி என்று பிரைம்95 ஓடவிடச் சொன்னேன். பெரிய பகா எண்களைத் தேட எழுதிய மென்பொருள், விடை தெரிந்த கணக்குகளைச் செய்து பார்த்துத் தப்பு வந்தால் நின்றுவிடும். 70-க்குக் கீழேயே இருந்தது, ஆனாலும் கொஞ்ச நேரத்தில் ஒரு கோர் தப்புக் கணக்குப் போட்டு நின்றது. குளிர்ச்சியாக இருப்பது வேறு, சரியாக இருப்பது வேறு. 3.33-க்கு இறக்கி, மின்னழுத்தத்தையும் பழையபடி வைத்தபின் ராத்திரி முழுக்கத் தப்பில்லாமல் ஓடியது.

இவ்வளவும் எதற்கு என்று கடைசியில்தான் கேட்டேன். கல்யாண ஆல்பம் வடிவமைக்கும்போது ஃபைல் திறக்க நேரமாகிறதாம். ஃபைல் திறக்க நேரமாவது சிப்பினால் இல்லை, சுற்றுகிற பழைய ஹார்ட் டிஸ்கினால். அதை எடுத்துவிட்டு ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டதும் குறை தீர்ந்தது. எங்கே தாமதம் என்று பார்க்காமல், கைக்கு எட்டிய இடத்தில் முடுக்குவது இந்தத் தலைமுறைக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. எங்கள் தலைமுறையில் குடும்பம் நடத்தியவர்களிலும் பாதிப் பேர் அதைத்தான் செய்தோம்.

டெல்டாவில் பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். குறுவை அறுவடைக்குப் பின் ஒரு தடவை, சம்பா முடிந்த பின் ஒரு தடவை பெட்டியைத் திறந்து தூசு தட்டுங்கள். அதைச் செய்துவிட்டு அப்புறம் புதுக் கூலருக்குப் பணம் எண்ணுங்கள். பல வீடுகளில் எண்ணவேண்டிய அவசியமே வராது.