துவர்ப்பின் கலங்கல்

செக் குடியரசின் பில்சென் நகரில், பியர் ஆலைக்கு அடியில் 9 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கப் பாதைகள் ஓடுகின்றன. வெளியே ஜூலை வெயில். உள்ளே ஸ்வெட்டரையும் மீறிக் குளிர் ஏறியது. 1842இல் யோசெப் க்ரோல் என்ற பவேரியர் பொன்னிற பில்ஸ்னரை முதன்முதலில் காய்ச்சிய ஊர் இது. ஓக் பீப்பாயிலிருந்து வடிகட்டாத பியரை நேரே பிடித்துத் தந்தார்கள். முதல் மிடறிலேயே கசப்புக்கு அடியில் இன்னொன்று நாக்கின் ஓரங்களை இழுத்துப் பிடித்தது. வாழைப்பூ ஆய்ந்து சமைக்கும் வீட்டில் வளர்ந்தவளுக்கு அது தெரியாதா? துவர்ப்பு.

அதைப் பற்றிக் கேட்கத்தான் மாலையில் ஒரு சிறு ஆலைக்குப் போனேன். அங்கிருந்த ‘ஸ்லாடெக்’, அதாவது பியர் காய்ச்சும் தலைமை ஆள், பனிக்கட்டிக்குள்ளிருந்து ஒரு புட்டியை எடுத்தார். ஈஸ்டை வடிகட்டிய பியர்தான். ஆனாலும் கழுநீர் போல ஒரு கலங்கல். தம்ளரில் ஊற்றி, “ரெண்டு கையாலயும் பொத்திப் பிடிங்க” என்றார். கால் மணி நேரம் போயிருக்கும். கலங்கல் மெல்ல மெல்லக் கரைந்து, தம்ளருக்கு அப்பாலிருந்த சுவர்க்கடிகாரத்தின் முள் துல்லியமாகத் தெரிந்தது. என் உள்ளங்கைச் சூடு செய்த வேலை!

பார்லியிலிருந்து பெரும்பங்கும் ஹாப் பூவிலிருந்து மீதியும் வரும் பாலிஃபீனால்கள், புரோலின் நிறைந்த பார்லிப் புரதத்தைக் கவ்விக்கொள்கின்றன. குளிரில் அந்தப் பிடி நிற்கும். துகள்கள் திரண்டு ஒளியைச் சிதறடிக்கும். சூடு பட்டால் பிடி விட்டுப்போகும். நம் எச்சிலிலும் புரோலின் நிறைந்த புரதங்கள் உண்டு. அவற்றையும் இதே பாலிஃபீனால்கள் கவ்வுவதால்தான் வாய் வறண்டு இழுக்கிறது. காலையில் நாக்கில் பட்டதைத்தான் மாலையில் கண்ணால் பார்த்திருக்கிறேன். கடுந்தேநீரை ஃபிரிட்ஜில் வைத்தால் கலங்குவதும் இந்தக் குடும்பத்துச் சங்கதிதான்.

புட்டிக்குள் ஆக்சிஜன் எஞ்சியிருந்தால் கதை மாறும். மாதக்கணக்கில் பாலிஃபீனால்கள் ஒன்றோடொன்று கோத்து நீள, பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் தெளியாது. அதற்காகவே பல ஆலைகள் பி.வி.பி.பி. என்ற பொடியால் பாலிஃபீனாலை உறிஞ்சி எடுக்கின்றன. சிலிக்கா ஜெல்லால் புரதத்தை எடுப்பதும் உண்டு.

“எல்லாத்தையும் உறிஞ்சிட்டா வாயில வெறும் தண்ணியா ஓடும்” என்றார் அவர். நான் அவர் கட்சி.

தெளிந்த தம்ளரைத் தட்டால் மூடி ஃபிரிட்ஜில் வைத்தார். மறுநாள் ரயிலுக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்தேன். மறுபடி கலங்கியிருந்தது.