எண்ணும் பெயரும்

பெயரியல் பயிலும் எனக்கு, பெயருக்காக உழைத்த ஒருவரின் வரலாறு பெரிதும் இனித்தது.

கனடா தேசத்தின் வடகோடியில் வாழும் இனுயிட் மக்களுக்குப் பண்டு குடும்பப்பெயர் இருந்ததில்லை. இறந்த உறவினரின் பெயரைப் பிறந்த மகவுக்கு இடுதல் அவர் மரபு. கணக்கெழுத இடர்ப்பட்ட அரசாங்கத்தார், 1941-ஆம் ஆண்டு முதலாக எண் பொறித்த வில்லையை ஒவ்வொருவருக்கும் அளித்தனர். மெக்கன்சி ஆற்றின் கழிமுகத்திற் பிறந்த ஆபிரகாம் ஒக்பிக் என்பார், அரசாங்க ஏடுகளில் ‘டபிள்யூ 3-554’ ஆயினார். மாந்தரை எண்ணாற் சுட்டுவது உயர்திணையை அஃறிணையாக்குவதன்றோ?

இவரே 1965-இல் வடமேற்குப் பிரதேச சபையில் நியமனம் பெற்ற முதல் இனுயிட் அங்கத்தினர். அடுத்த ஆண்டு தேர்தல் வழியாக வந்த சைமனி மைக்கேல், எண் வழக்கம் தகாதென்று சபையில் முறையிட்டார். அதன் பயனாக, 1968 முதல் 1971 வரை ஒக்பிக் ஊர்தோறும் சென்று, குடும்பத்தாரை அவர்தம் மொழியிலேயே வினவி, அவர் விரும்பிய குடும்பப்பெயரைப் பதிந்தார். வீட்டில் இல்லாதார் சிலருக்குப் பிறர் தேர்ந்த பெயரே அமைந்ததென்னும் குறையும் உண்டு.

குடும்பப்பெயரும் அயலார் வழக்கமே யன்றோ எனின், ஆம். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தாங்கி, விண்ணப்பத் தாளிற் ‘குடும்பப்பெயர்’ என்னும் கட்டத்தைக் கண்டு திகைக்கும் நம்மனோர்க்கு இது நன்கு விளங்கும். ஆயினும், எண் கேளாமலே சுமத்தப்பட்டது. பெயரோ கேட்டுப் பதியப்பட்டது. மக்கட்பணியை நாடும் மாணவர் இவ்வேற்றுமையை மனங்கொள்வாராக.